கொடுத்த பணத்துக்குக் கணக்கு எங்கே?

(கமக்காரரும் ஆசிரியர்களும் அரசாங்க உத்தியோகத்தரும் கூடியிருந்த கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இங்கே கமக்காரர் பலர் அமர்ந்திருக்கின்றீர்கள். உங்களை ஒன்று கேட்டுவிட்டு என் பேச்சைத் தொடங்குகின்றேன். நாலு பரப்புக் காணியை ஒருவருக்குக் குத்தகைக்குக் கொடுக்கும்போது என்ன செய்கின்றீர்கள்? எத்தனை ஆண்டுக்கு என்று எழுதுகின்றீர்கள். பணம் எவ்வளவு, அதை எந்த மாதத்தில் தரவேண்டும் என்று எழுதுகின்றீர்கள். வேலியை அடைப்பவர் யார், கிணற்றை இறைத்துத் துப்புரவு செய்பவர் யார், தவணைக்கு முன்னே விட்டுப் போனால் என்ன நட்டம் கட்டவேண்டும் என்பவற்றையும் எழுதி, நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு கையொப்பம் வைக்கின்றீர்கள். நாலு பரப்புக்கு இத்தனை காவல்!

ஆனால், உங்களிடமும் என்னிடமும் வரியாகப் பெற்ற கோடிக்கணக்கான பணத்தை ஒரு தொழிற்சாலை முதலாளிக்குக் கொடுக்கும் அரசாங்கங்கள் இதே கவனத்தோடு நடந்துகொள்கின்றனவா? அந்த முதலாளி பணத்தையும் வாங்கி, பத்து ஆண்டு இலாபமும் எடுத்து, ஒருநாள் இயந்திரங்களைக் கழற்றிக்கொண்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டால், பதில் சொல்ல வேண்டியவர் யார்? போனவரா? கொடுத்தவரா? இதுவே நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவு செய்துகொள்வோம். மானியம் என்றால் திறைசேரியிலிருந்து எண்ணிக் கொடுக்கும் காசு மட்டும் அன்று. பொதுக் காணியைச் சந்தை விலைக்குக் குறைவாகக் கொடுப்பதும் மானியமே. ஒரு தொழிற்சாலையின் வாசல்வரை தெருவும் நீரும் மின்சாரமும் கொண்டுபோய்க் கொடுப்பதும் மானியமே. வரவேண்டிய வரியைப் பல ஆண்டுகளுக்கு வேண்டாமென்று விடுவதும் மானியமே. கையால் கொடுத்தால் என்ன, வாங்காமல் விட்டால் என்ன? பள்ளிக்கூடத்துக்கும் ஆசுபத்திரிக்கும் போகவேண்டிய பணம் அந்த அளவுக்குக் குறைந்தே போகின்றது.

போகும் நகரம் கண்ட பாடம்

ஜேர்மனியின் மேற்குப் பகுதியில் போகும் என்றொரு நகரம் உண்டு. நிலக்கரிச் சுரங்கங்களால் வளர்ந்த நகரம் அது. அதன் கடைசிச் சுரங்கம் 1973ஆம் ஆண்டு மூடப்பட்டது. சுரங்கம் போன இடத்தில் புதிய தொழில்கள் வரவேண்டும் என்பது அம் மாநில அரசாங்கத்தின் கவலை. பின்லாந்து நாட்டின் நொக்கியா நிறுவனம் அங்கே கைத்தொலைபேசி செய்யத் தொடங்கியபோது, ஆட்சியாளர் அதனை இரு கையும் ஏந்தி வரவேற்றதில் வியப்பில்லை.

மாநில அரசாங்கம் 1990களில் ஏறக்குறைய 6 கோடி யூரோ பெறுமதியான உதவிப் பணம் கொடுத்தது. ஆராய்ச்சிக்கென்று மத்திய அரசாங்கம் கொடுத்ததையும் சேர்த்தால் ஏறக்குறைய 8 கோடி 80 இலட்சம் யூரோ. இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஜேர்மன் அதிகாரிகள் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கவில்லை. இத்தனை நிரந்தர வேலைகளைக் காப்பாற்ற வேண்டும், இன்ன காலம்வரை காப்பாற்ற வேண்டும் என்று எழுதியே கொடுத்தார்கள். அந்தக் காலக்கெடு 2006ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் முடிந்தது.

2008ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள், காலக்கெடு முடிந்து பதினாறே மாதத்தில், போகும் தொழிற்சாலையை மூடப்போவதாக நொக்கியா அறிவித்தது. 2,300 நிரந்தரத் தொழிலாளருக்கு வேலை இல்லை. உற்பத்தி ருமேனியாவில் குளூஜ் நகருக்கு அருகே ஜூக்கு என்னும் ஊருக்குப் போகும் என்றார்கள். அந்த அறிவிப்பு வந்து பத்து நாள் ஆகுமுன்னரே, 2007ஆம் ஆண்டின் இலாபம் 720 கோடி யூரோ என்றும் அதே நிறுவனம் அறிவித்தது. நட்டத்தால் மூடவில்லை, அன்பர்களே! இன்னும் மலிவாகச் செய்யலாம் என்பதற்காக மூடினார்கள்.

நகரம் கொதித்தெழுந்தது. ஏறக்குறைய 15,000 மக்கள் வீதியில் இறங்கினார்கள். மாநிலப் பிரதமர் ரூட்கர்ஸ் அந்த நிறுவனத்தை மானியம் தின்னும் வெட்டுக்கிளி என்றார். நிதியமைச்சர் ஸ்ரைன்புறூக், கூடாரம் பெயர்த்துப் போகும் முதலாளித்துவம் என்று கண்டித்தார். மந்திரிகளும் பாராளுமன்ற உறுப்பினர்களும் தங்கள் நொக்கியாத் தொலைபேசிகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். பத்திரிகைகளுக்கு நல்ல படங்கள் கிடைத்தன. தொழிலாளிக்கு என்ன கிடைத்தது?

2008ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மாநிலத்தின் வங்கி கணக்கை எடுத்துப் பார்த்தது. வாக்களித்த எண்ணிக்கையிலும் சில நூறு வேலைகள் குறைவாகவே இருந்தன என்று கண்டு, 4 கோடி 10 இலட்சம் யூரோவையும் அதற்கு வட்டியையும் திருப்பித் தரும்படி கேட்டது. நிறுவனமோ மறுத்தது. எண்ணிக்கையை அதிகாரிகளுக்கு நாங்கள் அறிவித்தே வந்தோம் என்று வாதாடியது.

இந்த இடத்திலே சற்று நில்லுங்கள். வேலைகள் குறைந்தது முந்திய ஆண்டுகளில். அதற்காகப் பணத்தைத் திருப்பிக் கேட்டதோ, ஆலை மூடப்படும் என்ற பிறகு. ஆலை மூடப்படாமல் இருந்திருந்தால் அந்தக் கோரிக்கை என்றைக்காவது பிறந்திருக்குமா? குத்தகைக்காரன் நட்டுநனையாமல் காணியைத் தரிசாக விட்டதை மூன்று போகம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவன் ஊரைவிட்டுப் போனபின் உறுதியைத் தூக்கிக்கொண்டு ஓடுவது போன்றது அது.

முடிவில் சமரசம் ஏற்பட்டது. தொழிலாளருக்கு நட்டஈடாக ஏறக்குறைய 20 கோடி யூரோ தருவதற்கு நிறுவனம் தொழிற்சங்கத்தோடு உடன்பட்டது. போகும் நகரில் புதிய வேலைகளை உண்டாக்கும் திட்டம் ஒன்றுக்கு 2 கோடி யூரோ கொடுத்தது. மாநிலம் தன் கோரிக்கையைக் கைவிட்டது. தொழிலாளர் பெற்றது அவர்கள் போராடிப் பெற்றது. வரி செலுத்தியவர் பெற்றதோ கொடுத்ததில் ஒரு பங்கே.

ஜூக்குவிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை

போகுமில் இழந்தது ஜூக்குவிலாவது நிலைத்ததா? ருமேனிய அரசாங்கமும் உள்ளூராட்சியும் பொதுச் செலவில் தெருவும் அடிப்படை வசதிகளும் செய்துகொடுத்தன. 2008இல் உற்பத்தி ஆரம்பமாயிற்று. 2011ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் அதையும் மூடப்போவதாக அறிவித்தார்கள். ஏறக்குறைய 2,200 பேருக்கு வேலை போயிற்று. நாலு ஆண்டுகூட நிறையவில்லை. உற்பத்தி ஆசியாவை நோக்கி நகர்ந்தது.

வேலை இழந்தவர்களுக்குப் பயிற்சியும் வேறு வேலையும் தேடிக்கொடுக்க, ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நிதியிலிருந்து போகும் நகரத்தாருக்காக ஏறக்குறைய 55 இலட்சம் யூரோவும், பின்னர் ருமேனியத் தொழிலாளருக்காக ஏறக்குறைய 29 இலட்சம் யூரோவும் கொடுக்கவேண்டி வந்தது. ஒரே தொழிலுக்காகப் பொதுமக்கள் எத்தனை முறை பணம் கட்டினார்கள், பாருங்கள்! வரவழைக்க ஒருமுறை, இன்னொரு நாடு வரவழைக்க மறுமுறை, முதல் ஊரில் அழுதவரின் கண்ணீரைத் துடைக்க மூன்றாம் முறை, இரண்டாம் ஊரில் துடைக்க நாலாம் முறை.

இக் கதையில் தமிழரும் உண்டு. அதே நிறுவனம் 2005ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அரசாங்கத்தோடு உடன்படிக்கை செய்து, சென்னைக்கு அருகே ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை நிறுவியது. 2006இல் உற்பத்தி தொடங்கிற்று. சிறப்புப் பொருளாதார வலயத்தில் 200 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம், வரிச் சலுகை, உள்நாட்டில் விற்ற பொருளுக்குக் கட்டிய விற்பனை வரியைத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு — இவை எல்லாம் கிடைத்தன. நல்ல காலத்தில் ஏறக்குறைய 8,000 பேர் அங்கே நேரடியாக வேலை செய்தார்கள். அவர்களிற் பெரும்பாலோர் கிராமங்களிலிருந்து வந்த இளவயதினர், பெண்பிள்ளைகள் பலர். அந்தச் சம்பளத்தில் தம்பியைப் படிக்கவைத்தவளும், தகப்பனின் கடனை அடைத்தவளும் அவர்களுள் இருந்தார்கள்.

அங்கே மூடியதற்குக் காரணம் வேறு; அதை மறைக்கக்கூடாது. 2013ஆம் ஆண்டு இந்திய வருமான வரித் திணைக்களம் 2,000 கோடி ரூபாவுக்கு மேல் வரிப்பாக்கி கேட்டது. மறு ஆண்டில் மாநில அரசாங்கமும் ஏறக்குறைய 2,400 கோடி ரூபா விற்பனை வரி கேட்டது. வழக்குகள் எழுந்தன. 2014ஆம் ஆண்டு ஏப்ரலில் நொக்கியாவின் தொலைபேசித் தொழில் மைக்ரோசொப்ட் நிறுவனத்துக்குக் கைமாறியபோது, வழக்கில் அகப்பட்ட ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. மைக்ரோசொப்ட் தன் உற்பத்தியைப் பெரும்பாலும் வியட்நாமில் வைத்துக்கொண்டது. 2014 நவம்பர் 1ஆம் நாள் ஸ்ரீபெரும்புதூரில் இயந்திரங்கள் நின்றன.

வழக்கில் நியாயம் எந்தப் பக்கம் என்று தீர்ப்புச் சொல்ல நான் இங்கே வரவில்லை. ஒன்றை மட்டும் கேட்கின்றேன். சலுகை கொடுத்த உடன்படிக்கையில் முதலீட்டாளரின் உரிமை பேசப்பட்டது. அரசாங்கத்தின் உரிமை பேசப்பட்டது. ஆலை நின்றால் அந்த எண்ணாயிரம் பேருக்கு என்ன கதி என்பது எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருந்தது? அந்தக் கட்டடம் பின்னர் வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. 2019இல் அதற்கான அறிவிப்பு வந்தது. கட்டடத்துக்கு ஐந்து ஆண்டு காத்திருக்க முடியும். வயிற்றுக்கு முடியாது.

குற்றம் யாருடையது?

இதையெல்லாம் கேட்டபின், முதலாளிமார் கொடியவர் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவது எளிது. அது போதாது. முதலாளி இலாபத்தைத் தேடுவான். அவன் அதற்காகவே வந்தவன். வியட்நாமியத் தொழிலாளியும் ருமேனியத் தொழிலாளியும் நம் எதிரிகள் அல்லர். அவர்களுக்கும் பிள்ளைகள் உண்டு. அவர்களும் நாளை கைவிடப்படலாம். ஜூக்குவில் கைவிடப்பட்டதைக் கண்டோம்.

பதில் சொல்லவேண்டியவர், நம் பணத்தை நம் பெயரால் கொடுத்தவர். கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்த கதையாக, அடிக்கல் நாட்டும் நாளில் மந்திரிக்கு மாலையும் மேளமும். ஆலை மூடும் நாளில் அந்த மந்திரி எங்கே? அநேகமாகப் பதவியில் இரார். இருந்தாலும் உலகச் சந்தையைக் குற்றம் சொல்வார். நாட்டியவர் பெயர் கல்லில் இருக்கின்றது. கணக்கு எங்கும் இல்லை.

நிபந்தனை போட்டால் முதலாளி வரமாட்டார் என்று சிலர் அச்சுறுத்துகின்றார்கள். போகுமின் கதையே அதற்கு மறுமொழி. அங்கே வேலை எண்ணிக்கையும் காலக்கெடுவும் எழுதப்பட்டிருந்தன. அதற்கு அஞ்சி நொக்கியா வராமல் இருந்ததா? வந்தது; பல ஆண்டு இருந்தது. பிழை நிபந்தனை போட்டதில் இல்லை. போட்ட நிபந்தனையை ஆண்டுதோறும் பொதுமக்கள் முன் எண்ணிக் காட்டாததிலேயே பிழை. நேர்மையான உறுதியில் கையொப்பமிட மறுக்கும் குத்தகைக்காரனுக்கு நீங்கள் காணி கொடுப்பீர்களா?

ஐரோப்பா பின்னர் பாடம் படித்தது. ஒன்றியத்தின் நிதியுதவி பெற்ற பெரிய நிறுவனம் பத்து ஆண்டுக்குள் அந்தத் தொழிலை ஒன்றியத்துக்கு வெளியே கொண்டுபோனால் பணத்தைத் திருப்பிக் கட்டவேண்டும் என்று 2013ஆம் ஆண்டு விதி செய்தார்கள். உறுப்பு நாடொன்றிலிருந்து தொழிலைப் பெயர்த்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் நிறுவனத்துக்குப் பிரதேச உதவி கொடுப்பதை 2017இல் கட்டுப்படுத்தினார்கள்: முந்திய இரண்டு ஆண்டில் பெயர்க்கவில்லை, அடுத்த இரண்டு ஆண்டிலும் பெயர்க்கமாட்டேன் என்று உறுதி கொடுக்க வேண்டும். இத்தாலி 2018இல் இன்னும் ஒரு படி சென்றது. அரசாங்க உதவி பெற்று ஐந்து ஆண்டுக்குள் தொழிலை ஐரோப்பாவுக்கு வெளியே கொண்டுபோவோர் உதவியை இழப்பதோடு, அதன் இரண்டு மடங்கு முதல் நாலு மடங்கு வரை தண்டமும் கட்டவேண்டும் என்பது அங்கே சட்டம்.

அமெரிக்காவிலே விஸ்கொன்சின் மாநிலம் 2017இல் பொக்ஸ்கொன் நிறுவனத்துக்கு ஏறக்குறைய 300 கோடி டொலர் சலுகை தருவதாகவும், அதற்கு ஈடாக 13,000 வேலைகள் வரும் என்றும் உடன்படிக்கை செய்தது. அந்த வேலைகள் வரவில்லை. ஆனால் மாநிலத்தின் சலுகையிற் பெரும்பகுதி, வேலை உண்டான பின்னரே கொடுப்பது என்று எழுதப்பட்டிருந்தது. ஆகவே 2021இல் உடன்படிக்கையைத் திருத்தி, 1,454 வேலைகளுக்கு 8 கோடி டொலர் வரை என்று சுருக்க முடிந்தது. அங்கேயும் உள்ளூராட்சி மன்றங்கள் காணிக்கும் தெருவுக்கும் முன்கூட்டிச் செலவு செய்த பணம் போனது போனதுதான். பாடம் எளிது: அறுவடைக்குப் பின்னே கூலி கொடுத்தவன் தப்பினான், விதைக்குமுன் கொடுத்தவன் கையைப் பிசைந்தான்.

நம் வாசலுக்கு வரும்போது

இவையெல்லாம் பிற நாட்டார் கதை என்று எண்ணவேண்டாம். இலங்கையில் 1978ஆம் ஆண்டு கட்டுநாயக்காவில் முதலாவது வலயம் திறந்த நாள்தொட்டு வரி விலக்கு நம் அரசாங்கங்களின் கருவியாக இருந்து வருகின்றது. 2008ஆம் ஆண்டின் மூலோபாய அபிவிருத்திக் கருத்திட்டங்கள் சட்டம் 25 ஆண்டுவரை வரி விலக்குக் கொடுக்க இடம் வைத்தது. விலக்குப் பெற்ற நிறுவனங்கள் எவை, விட்ட வரி எவ்வளவு என்ற பட்டியலை ஒழுங்காக வெளியிடும்படி, நாடு கடனில் மூழ்கியபின், 2023இல் சர்வதேச நாணய நிதியம் நிபந்தனை விதிக்க வேண்டியிருந்தது. நம் வீட்டுக் கணக்கை நமக்குக் காட்டும்படி கடன் கொடுத்தவன் வந்து சொல்லவேண்டிய நிலை! இதைவிட வெட்கம் வேறு என்ன?

இப்பொழுது பரந்தனிலும் மாங்குளத்திலும் காங்கேசன்துறையிலும் முதலீட்டு வலயங்கள் அமையும் என்று அறிவித்திருக்கின்றார்கள். வரட்டும், மனமார வரவேற்கின்றேன். நம் பிள்ளைகள் படித்துவிட்டு வேலையின்றி இருக்கின்றார்கள். கடல் கடந்து போகின்றார்கள். தொழிற்சாலை வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் கொடுக்கப்போவது நம் காணி, நம் நீர், நாம் விட்டுக்கொடுக்கும் வரி. ஆகையால் அடிக்கல் நாட்டுமுன்னே கேட்கவேண்டிய கேள்விகளைக் கேட்போம்.

முதலாவது, உறுதி எழுதப்படட்டும். எத்தனை வேலை, எத்தனை ஆண்டு, என்ன சம்பளம் என்பது அதில் இருக்கட்டும். அதைத் தமிழிலும் சிங்களத்திலும் எவரும் வாசிக்கும்படி வெளியிடட்டும். இரண்டாவது, ஆண்டுதோறும் தலை எண்ணப்படட்டும். அந்த எண்ணிக்கை கோவைக்குள் உறங்காமல் பாராளுமன்றத்தின் முன் வைக்கப்படட்டும். மூன்றாவது, வேலை வந்தபின் சலுகை வரட்டும், குறைந்தால் குறையட்டும், தவணைக்கு முன் போனால் வட்டியோடு திரும்பட்டும். நாலாவது, மூடுவதற்கு முன் தொழிலாளருக்குப் போதிய அவகாசத்தோடு அறிவித்தலும், நட்டஈட்டுக்கென்று முதலிலேயே ஒதுக்கிய பிணைப்பணமும் இருக்கட்டும். ஐந்தாவது, சலுகை கொடுக்க ஒப்பமிட்ட மந்திரியும் அதிகாரியும், பதவி மாறினாலும், கணக்காய்வாளர் நாயகம் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவராக இருக்கட்டும்.

இது பேராசையா? ஒரு மூட்டை உரமானியத்துக்கு, காணிக்குப் பத்திரம் எங்கே, எத்தனை ஏக்கர் விதைத்தாய் என்று கமநல சேவை நிலையத்தில் உங்களைக் கேட்கின்றார்கள். கேட்பது சரி, அது பொதுப்பணம். அரை ஏக்கர்க்காரனிடம் கேட்கும் கேள்வியை ஐந்நூறு ஏக்கர் வலயத்துக்கு வருபவனிடமும் கேளுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

இங்கே இருக்கும் உத்தியோகத்தர்களுக்கும் சட்டத்தரணிகளுக்கும் கணக்காளர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த உடன்படிக்கைகளை எழுதப்போகும் பேனா உங்கள் கையில் இருக்கின்றது. மேலிடம் சொல்லிற்று, நான் குறிப்பு எழுதினேன் என்று சொல்லித் தப்பிவிடாதீர்கள். போகும் நகரத்திலும் உறுதி இருந்தது. அதை நேரத்தில் எடுத்துப் பார்த்துக் குரல் கொடுப்பார் இல்லை. கோவையைக் கட்டிவைத்தவரின் மௌனத்துக்கு 2,300 குடும்பங்கள் விலை கொடுத்தன.

கமக்காரர்களே, உங்களுக்கு நான் கற்பிக்க எதுவும் இல்லை. நீங்களே அறிந்ததை அரசாங்கத்துக்குக் கற்பிக்க வேண்டும் என்றே கேட்கின்றேன். அடுத்தமுறை ஒரு மந்திரி உங்கள் ஊருக்கு வந்து, இத்தனை ஆயிரம் வேலை கொண்டுவருகின்றேன் என்று மேடையில் சொல்லும்போது, கைதட்டுமுன் எழுந்து நின்று ஒன்று கேளுங்கள்: ஐயா, உறுதி எங்கே?